தினவாடகை வீடு: அடுத்த வருஷத்துக்கு எதில் முதலில் கை வைப்பது?

மாடிவீடு:
தினவாடகைக்கு விடும் வீடுகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் இரண்டு படுக்கை. இரண்டு முன்பதிவு இணையதளங்களில் போட்டிருக்கிறேன், குறைந்தது 3 இரவு தங்கவேண்டும் என்று வைத்திருக்கிறேன். இப்போது மூன்று வாரம் காலி. வாடகையை 10 சதவீதம் ஏற்றுவதா, படுக்கை விரிப்புகளை மாற்றுவதா, டிஜிட்டல் பூட்டு போடுவதா?

கணக்குப்பிள்ளை:
வாடகையை அப்படியே விடுங்கள். முதலில் காலண்டரைப் பாருங்கள். சுத்தம் செய்யும் செலவு இரவுக்கு அல்ல, ஆள் மாறும் ஒவ்வொரு தடவைக்கும் விழுகிறது. எல்லாம் அங்கேதான் இருக்கிறது.

இரவு வாடகை 100, தளத்தின் கமிஷன் 15 சதவீதம், ஒரு தடவை சுத்தம் செய்ய 30 என்று வையுங்கள். இரண்டு இரவு தங்கினால் 200-இல் 60 போய் 140, இரவுக்கு 70. நான்கு இரவு என்றால் 400-இல் 90 போய் 310, இரவுக்கு 77.50. வருஷத்து நிலையான செலவு 8,400 என்றால் முதல் கணக்கில் 120 இரவு நிரம்பினால்தான் கைக்காசு போகாது, இரண்டாவதில் 109 போதும். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது பொந்துகள். இரண்டு முன்பதிவுகளுக்கு நடுவே 2 இரவு மாட்டிக்கொண்டால், உங்கள் 3 இரவு விதியால் அதை யாரும் எடுக்கவே முடியாது. வாரம் ஒருமுறை பார்த்து, அந்தத் தேதிகளுக்கு மட்டும் விதியைத் தளர்த்துங்கள். ஒற்றை இரவு மிஞ்சினால் புது ஆளைத் தேடவேண்டாம். புது ஆளுக்கு 100-க்கு விட்டால் மிஞ்சுவது 55. ஏற்கெனவே தங்கியிருப்பவரிடம் 70-க்குக் கொடுத்தால், சுத்தம் செய்யும் செலவே இல்லாமல் 59.50.

துணிக்கொடி:
துணிக்கு: படுக்கைக்கு 3 செட். ஒன்று படுக்கையில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். ஆக 12 செட். எல்லாம் வெள்ளையாக, ஒரே ரகமாக இருக்கட்டும். ஒன்று கிழிந்தால் எதோடும் ஜோடி சேரும்.

பலரும் மறப்பது மெத்தை உறை. படுக்கைக்கு 2 வேண்டும், ஏனென்றால் காய அதிக நேரம் பிடிப்பது அதுதான். அவசரத்தில் டிரையரில் அதிகச் சூட்டில் போட்டால் உள்பக்கத்து நீர்புகாப் படலம் உரிந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது, மெத்தை நனைந்த பிறகுதான் தெரியும்.

கலர் துண்டு வாங்காதீர்கள். வெளிறிய ஆரஞ்சுத் திட்டு விழும், சலவைக்காரர் மேல் பழி போகும். உண்மையில் அது பருக்களுக்குப் போடும் பென்சாயில் பெராக்சைடு களிம்பின் வேலை. மேக்கப் துடைக்க மட்டும் ஒரு கறுப்புச் சிறு துண்டு வையுங்கள், அதில் விழுந்தால் விழட்டும். துண்டுகளுக்குத் துணி மென்மையாக்கி வேண்டாம். நூலில் படிந்து ஈரம் உறிஞ்சுவதைக் குறைக்கும்.

மாடிவீடு:
நன்றி. பொந்து விஷயத்தை நான் யோசித்ததே இல்லை. பூட்டு?

சாவிக்கொத்து:
போடலாம். ஆனால் அதற்குள் போகும் பேட்டரியைக் கவனியுங்கள். பெரும்பாலான பூட்டுகளுக்கு ஆல்கலைன்தான். லித்தியம் போட்டால் கடைசிவரை மின்னழுத்தம் இறங்காமல் நின்று திடீரென விழும். 'பேட்டரி குறைவு' எச்சரிக்கை வருவதற்குள் விருந்தினர் வாசலில் பெட்டியோடு நிற்பார். மாற்றிய தேதியை பேட்டரி மூடியின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள். சாவித் துளை உள்ள பூட்டாக வாங்கி, ஒரு சாவியை வெளியே எண்பூட்டுப் பெட்டியில் வையுங்கள்.

இரண்டு தளங்களின் காலண்டர்களை இணைப்பு முகவரி மூலம் சேர்த்திருந்தால், ஒன்றில் விழுந்த முன்பதிவு மற்றதில் தெரிய சில மணி நேரம்கூட ஆகலாம். இன்று நாளைக்கான தேதிகளை ஒரே தளத்தில் மட்டும் திறந்துவையுங்கள். ஒரே இரவுக்கு இரண்டு பேர் வந்து நிற்பது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான்.

புகை அலாரத்தைக் கழற்றிப் பின்புறத் தேதியைப் பாருங்கள். தயாரித்து 10 வருஷம் ஆகியிருந்தால் பட்டனை அழுத்தும்போது கத்தினாலும் மாற்றிவிடுங்கள். அந்தப் பட்டன் பேட்டரியையும் மின்சுற்றையும் ஒலியையும்தான் சோதிக்கும், உள்ளே தூசி படிந்த உணரி புகையைக் கண்டுபிடிக்குமா என்பதை அல்ல. வீட்டுக் காப்பீடு காசுக்குத் தங்குபவர்களுக்கும் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல பாலிசிகளில் செல்லாது.

மூன்று வாரம் பூட்டிக் கிடக்கும் குளியலறையில் தரைக் குழிக்குள் நிற்கும் தண்ணீர் வற்றிப்போய் சாக்கடை நாற்றம் ஏறும். பூட்டும்முன் ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விடுங்கள், சீக்கிரம் ஆவியாகாது.