டெக்சஸ் ஆஸ்டின்வாசிகளே, ஊரின் பழைய கதையில் போய் முட்டிக்கொண்ட அனுபவம் உண்டா?

தாய்ப்பத்திரம்
வீடு வாங்கி மூன்று வருடம் ஆகிறது. பத்திரத்தில் இருந்த ஒரு வாசகம் மட்டும் இன்னும் தொண்டையில் நிற்கிறது. வட ஆஸ்டினில் 1940-களில் கட்டிய சின்ன வீடு. குளோசிங்குக்கு, அதாவது கையெழுத்துப் போட்டு வீடு கைமாறும் நாளுக்கு, முந்தின ராத்திரி, உரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனி அனுப்பிய காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். யாரும் படிக்க மாட்டார்கள்தான். ஆனால் ஊரில் அப்பாவோடு உட்கார்ந்து வில்லங்கம் பார்த்த பழக்கம் விடவில்லை. மனை பிரித்து விற்றபோது போட்ட நிபந்தனைகள், டைப்ரைட்டரில் அடித்தது, எழுத்தின் வயிறெல்லாம் மை அடைத்திருந்தது. கோழி, பன்றி வளர்க்கக் கூடாது. ரோட்டிலிருந்து இத்தனை அடி தள்ளித்தான் கட்ட வேண்டும். அடுத்தது: வெள்ளையர் அல்லாத எவரும் இங்கே குடியிருக்கக் கூடாது, வீட்டு வேலைக்காரர்கள் நீங்கலாக.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு தடவை படித்தாள். "சரி, நாளைக்கு வேலைக்காரர்னு யார் கையெழுத்துப் போடறது, நீங்களா நானா?" என்றாள். சிரித்தோம். அப்புறம் ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

இரண்டாம்நிலா
வந்த புதிதில் 41-ம் தெருவும் ஸ்பீட்வேயும் சேரும் இடத்தில் ராத்திரி நடந்துகொண்டிருந்தேன். மரத்துக்கு மேலே நிலா. திரும்பினால் அந்தப் பக்கமும் ஒரு நிலா! ஒரு நொடி நிஜமாகவே வயிறு கலங்கியது. அதுதான் மூன்லைட் டவர் என்று கூட வந்தவர் சொன்னார். 165 அடி உயரக் கோபுரம், உச்சியில் விளக்குகள். 1885-ல் எவனோ ஒருவன் வேலைக்காரப் பெண்களைத் தூக்கத்திலேயே வெட்டிக் கொன்றானாம், அந்தப் பயத்தில்தான் ஊர் முழுக்க இப்படி விளக்கு வைத்தார்களாம். இப்போதும் அந்த மூலையில் நான் வேகமாகத்தான் நடப்பேன்.

தேதிசரிபார்ப்பவன்
இரண்டாம்நிலா, கோபித்துக்கொள்ளாதீர்கள், எல்லா டூர் கைடும் விற்கும் சரக்கு இது. கொலைகள் 1884 கடைசியில் தொடங்கி 1885 கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவோடு நின்றுவிட்டன. கோபுரங்கள் எரியத் தொடங்கியது 1895-ல். பயந்துபோன ஊர் பத்து வருடம் இருட்டிலேயே உட்கார்ந்திருக்குமா? கொலராடோ ஆற்றில் அணை கட்டினார்கள், மின்சாரம் வந்தது, 31 கோபுரம் நட்டார்கள். அவ்வளவுதான். அந்த அணையும் 1900 ஏப்ரலில் வெள்ளத்தில் உடைந்தது, அதைப் பற்றி எந்த கைடும் வாய் திறப்பதில்லை.

என் அனுபவம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. டிசம்பரில் ஜில்கர் பூங்கா கோபுரத்தை விளக்குச் சரம் கட்டிக் கிறிஸ்துமஸ் மரமாக்குவார்கள். உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தபடி சுற்ற வேண்டும். மகள் சுற்றினாள், வாந்தி எடுத்தாள்.

இரண்டாம்நிலா
தேதி சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செத்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பணிப்பெண்கள், கடைசி ராத்திரி செத்த இருவர் வெள்ளையர். மேலே தாய்ப்பத்திரம் எழுதிய "வேலைக்காரர்கள் நீங்கலாக" படித்ததும் எனக்கு அந்தப் பெண்கள்தான் ஞாபகம் வந்தார்கள்.

கிழக்கு12
பஸ் நிறுத்தத்தில் ஒரு கறுப்பினப் பெரியவர். ஐ-35 நெடுஞ்சாலை பக்கம் கைத்தடியை நீட்டி, "அங்கே நடுவில் புல்தரை, அகலமா இருக்கும், ஞாயித்துக்கிழமை சாப்பாடு கட்டிட்டுப் போவோம்" என்றார். நெடுஞ்சாலைக்கு முன்பு அங்கே இருந்த ஈஸ்ட் அவென்யூ சாலையைச் சொல்கிறார். 1928-ன் நகரத் திட்டத்தில் கறுப்பினத்தவருக்கான பள்ளி, பூங்கா எல்லாவற்றையும் கிழக்கே தள்ளி, ஆட்களையும் அந்தப் பக்கமே போக வைத்தார்கள். 1962-ல் அந்தச் சாலை இருந்த இடத்தில் நெடுஞ்சாலை வந்தது. இதெல்லாம் நான் பிறகு படித்தது. அன்றைக்கு அவர் கேட்டது ஒன்றுதான்: வாடகை எவ்வளவு? கூச்சத்தில் ஐந்நூறு டாலர் குறைத்துச் சொன்னேன். அதற்கே நீளமாக ஒரு விசிலடித்தார். பஸ் வந்துவிட்டது.

ரவுண்ட்ராக்மாமா
தாய்ப்பத்திரம் தம்பி, எங்கள் நண்பர் வீட்டுப் பத்திரத்திலும் இதே வரி இருந்தது. பயப்படாதீர்கள். 1948-லேயே சுப்ரீம் கோர்ட் இதைக் கோர்ட் மூலம் அமல்படுத்த முடியாது என்று சொல்லிவிட்டது, வீட்டு விற்பனையில் பாகுபாட்டைத் தடுத்த 1968 சட்டத்துக்குப் பிறகு சுத்தமாகச் செல்லாது. 2021-ல் டெக்சஸிலும் சட்டம் வந்திருக்கிறது, கோர்ட்டில் மனுப் போட்டு அந்த வரியை நீக்கலாம். அதை விடுங்கள், ஃபவுண்டேஷன் பார்த்தீர்களா? அந்தக் காலத்து வீடு என்றால் மண்ணுக்கு மேலே சின்னத் தூண்களில் நிற்கும் பியர் அண்ட் பீமாக இருக்கும், கோடையில் களிமண் காய்ந்தால் கதவு மூடாது. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கான வரிச் சலுகை, ஹோம்ஸ்டெட் விலக்கு, போட்டாயிற்றா? சொத்து வரி மதிப்பீட்டை எதிர்க்க மே 15 வரைதான் பொதுவாக நேரம், வருடா வருடம் போடுங்கள், சும்மா விடாதீர்கள். ஓக் மரம் இருந்தால் வசந்தகாலத்தில் கிளை வெட்டாதீர்கள், ஓக் வில்ட் நோய் பரவும்.

தாய்ப்பத்திரம்
மாமா, கதவு மூடாதது உண்மைதான். பத்திரத்தின் அந்த வாசகத்தை நீக்க எனக்கு மனசில்லை, பையன் பெரியவனானதும் காட்ட வேண்டும். அந்தக் கோழி நிபந்தனை மட்டும் இன்னும் செல்லுமா என்று யாராவது சொல்லுங்கள். பக்கத்து வீட்டில் நாலு வைத்திருக்கிறார்கள், விடிந்தால் ஒரே கொக்கரிப்பு.