‘போல் பைதன்’ பாம்பின் வயிற்றில் சூட்டுக் காயம்: ஹீட் மேட்டை நிறுத்தியே வைப்பதா?

தும்பளையான்:

வணக்கம் உறவுகளே. நான் கனடாவில், ஸ்காபரோவில் வசிக்கிறேன். என் மகன் மலைப்பாம்பு வகையான ‘போல் பைதன்’ (ball python) ஒன்றை வளர்க்கிறான். மூன்று வயதுப் பெட்டை. எடை 1,250 கிராம். நேற்று மாலை தொட்டியைத் துப்புரவு செய்வதற்காக அதைத் தூக்கியபோது, வயிற்றின் நடுப்பகுதியில் பன்னிரண்டு செதில்கள் வரையில் ரோசா நிறமாகச் சிவந்திருந்ததையும், அவற்றில் இரண்டில் கொப்புளம் எழும்பி, ஒன்றிலிருந்து நீர் கசிந்துகொண்டிருந்ததையும் கண்டோம்.

காரணம் உடனேயே தெரிந்துவிட்டது. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் உணர்முனை, ஒட்டுநாடா கழன்று தொட்டிக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அறையின் குளிரை அளந்துகொண்டு, இன்னும் சூடு போதாது என்று அது தொட்டிக்கு அடியிலிருக்கும் ஹீட் மேட்டை (சூடாக்கும் மின்விரிப்பை) இடைவிடாமல் ஓடவிட்டிருக்கிறது. அகச்சிவப்பு வெப்பமானியைப் பிடித்துப் பார்த்தால், உள்ளே கண்ணாடியின் மேற்பரப்பில் 49 பாகை செல்சியஸ். பாம்பு தொட்டியில் பரப்பியிருந்த தும்புத்தூளை (தென்னை நார்த் தூளை) ஒதுக்கிவிட்டு அந்தக் கண்ணாடியின் மேலேயே சுருண்டு கிடந்திருக்கிறது.

பயத்தில் மேட்டைக் கழற்றிவிட்டேன். இரவு அறை 20 பாகைக்கு இறங்கிவிட்டது. மஞ்சளைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசினால் ஆறிவிடும் என்று என் அம்மா சொல்கிறார். அவருடைய கைமருந்தில் வளர்ந்தவன் என்பதால் மறுத்துப் பேச எனக்குத் தயக்கமாக இருக்கிறது. மகனோ ஐதரசன் பேரொட்சைட்டால் கழுவ வேண்டும் என்கிறான். நான்கு நாட்களுக்கு முன்புதான் ஓர் எலி கொடுத்தோம். பாம்பு வழக்கம்போல நாக்கை நீட்டிக்கொண்டு அமைதியாக இருக்கிறது. நோவு இருப்பதாகவே தெரியவில்லை. இது மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டிய காயமா, வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா? ஹீட் மேட்டை இனிப் பாவிக்கவே கூடாதா?

பனிக்காடு:

அண்ணா, இதை வாசித்த கையோடு தொட்டியைத் திரும்பச் சூடாக்குங்கள்; மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான். வெப்பம் சுட்டது என்பதற்காக வெப்பத்தையே எடுத்துவிடுவது இந்த நேரத்தில் எல்லோரும் செய்யும் பிழை. பத்து வருடங்களுக்கு முன் நானும் செய்தேன். தீனி செரிப்பதற்கும், கிருமியோடு போராடுவதற்கும், புதுத் தோல் வளர்வதற்கும் பாம்பு வெளியிலிருந்து வரும் சூட்டையே நம்பியிருக்கிறது. 20 பாகையில் வைத்திருந்தால் புண் ஆறாது என்பது மட்டுமல்ல, நான்கு நாட்களுக்கு முன் விழுங்கிய எலியை அது கக்கிவிடவும் கூடும்.

சூடான பக்கத்தில் 31 முதல் 32 பாகையும், மற்றப் பக்கத்தில் 26 பாகையும் இருக்கட்டும்; இரவிலும் 25க்குக் கீழே விட வேண்டாம். ஆனால் இந்தச் சூடு புண்பட்ட வயிற்றுக்கு அடியிலிருந்து வராமல் மேலிருந்து வர வேண்டும். வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டர் ஒன்றை, பாம்பு தொட முடியாதபடி கம்பிக் கூட்டுக்குள் பூட்டி, தெர்மோஸ்டாட்டோடு இணைத்துவிடுங்கள். கூடு இல்லாத ஹீட்டரைச் சுற்றிக்கொண்டு முதுகு வெந்த பாம்பையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஏன் அது எழுந்து போகவில்லை என்று உங்கள் மகன் கேட்பான். போல் பைதனின் மேலுதட்டில் இருக்கும் குழிகள் இருட்டில் ஓர் எலியின் உடற்சூட்டையே கண்டுபிடித்துவிடும்; அதே பாம்பு தன் வயிறு வேகும்போது நகராது. சுற்றியுள்ள காற்று குளிராக இருந்தால் உடம்பு முழுதும் சூடேறும் வரை அது சூடான இடத்தை விட்டு அசையாது, அதற்குள் வயிற்றுத்தோல் வெந்துவிடும். அதனால்தான் காற்றுச் சூடாக இல்லாத தொட்டியில் ஹீட் மேட் இரட்டை ஆபத்து. புண் முழுதாக ஆறிய பிறகு மேட்டைத் திரும்பப் பாவிக்கலாம் என்பதே என் கருத்து. அப்போது உணர்முனையைக் கண்ணாடிக்கும் மேட்டுக்கும் நடுவில் வைத்து, வாரம் ஒரு தடவை வெப்பமானியால் சரிபாருங்கள்.

தும்புத்தூள் முழுவதையும் இன்றே அள்ளிக் கொட்டிவிட்டு, அச்சு எதுவும் இல்லாத வெள்ளைச் சமையலறைக் கடதாசியை விரியுங்கள். ஒரு நாளில் இரண்டு முறையாவது மாற்றுங்கள். கழிவு பட்டால் உடனே. உடம்பை நனைத்துக்கொண்டு கிடக்கும் அளவு பெரிய தண்ணீர்ச் சட்டியை எடுத்துவிட்டு, குடிப்பதற்குச் சிறிய கிண்ணம் வையுங்கள்.

வைத்தியரிடம் கட்டாயம் போக வேண்டும். கொப்புளமும் கசிவும் இருக்கும்போது வீட்டு வைத்தியம் என்ற பேச்சே இல்லை. எல்லா மிருக வைத்தியர்களும் பாம்பைப் பார்ப்பதில்லை என்பதால், ஊர்வன பார்ப்பார்களா என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்.

பழைய கம்பவுண்டர்:

நான் மருத்துவர் அல்ல. சென்னையில் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் இருபது ஆண்டுகளுக்கு மேல் உதவியாளராக இருந்தவன். நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்க்க 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது என்பதால், எங்களிடம் வந்தவை எல்லாம் மீட்கப்பட்ட பாம்புகள்தாம். அவற்றுள் புதருக்குத் தீ வைக்கும்போது வெந்துபோன சாரைப்பாம்புகள் உண்டு. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன், முதல் நாள் கண்ணுக்குத் தெரியும் காயத்தை வைத்து அதன் ஆழத்தை மதிப்பிடாதீர்கள். முதல் நாள் வெறுமனே சிவந்திருந்த செதில், எட்டாம் நாள் காப்பித்தூள் நிறமாகி, விளிம்பு சுருண்டு, அடித்தோலோடு கழன்று வந்ததைக் கண்டிருக்கிறேன். சிவப்போடு நின்றால் மேல்தோல் மட்டும். கொப்புளம் என்றால் அதற்கும் கீழே. பழுப்பாகவோ கறுப்பாகவோ காய்ந்து போனால் தோல் முழுவதுமே செத்துவிட்டது. அந்தக் கடைசி நிலையில் தோலின் நரம்பும் வெந்திருக்கும் என்பதால், பாம்பு அமைதியாக இருப்பதை நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஐயா, உங்கள் தாயாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: எண்ணெய் புண்ணின் மேல் படலமாக நின்று அழுக்கையும் கடதாசித் துகளையும் பிடித்து வைத்துக்கொள்ளும், மஞ்சளின் நிறம் ஏறிவிட்டால், புண் சிவக்கிறதா, பழுக்கிறதா என்று மருத்துவருக்கே தெரியாது. மகன் சொல்லும் பெராக்சைடு கிருமியோடு சேர்த்துப் புதிதாக வளரும் திசுவையும் அரித்துவிடும். குளிர்ந்த நீரில் வைப்பது சுட்ட சில நிமிடங்களுக்குள் என்றால் பயன் தரும், இப்போது வேண்டாம். மருத்துவரைப் பார்க்கும்வரை உப்புநீரால், அதாவது மருந்துக்கடையில் கிடைக்கும் நார்மல் சலைனால், மெதுவாகக் கழுவுங்கள். பிறகு போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியைப் பால் சேர்க்காத இலேசான தேநீர் நிறத்துக்கு நீர்த்து, பஞ்சால் ஒற்றி எடுத்தால் போதும். தேய்க்கக் கூடாது, கொப்புளத்தை உடைக்கவும் கூடாது.

மருத்துவர் அநேகமாகச் சில்வர் சல்ஃபாடயசின் களிம்பைத் தருவார். நம் ஊரில் தீக்காயத்துக்குத் தருகிற அதே வெள்ளைக் களிம்புதான். மெல்லிய பூச்சாகப் போட வேண்டும். வீட்டில் இருக்கும் வேறு களிம்பு எதையும், குறிப்பாக லிடோகெய்ன், பென்சோகெய்ன் போன்ற மரப்பு மருந்து கலந்தவற்றை, பாம்பின் மேல் தடவிவிடாதீர்கள், அவை விஷமாகக்கூடும். தோல் போன இடத்தில் உடம்பின் நீர் வடிந்துகொண்டே இருக்கும், சூடோமோனாஸ் போன்ற கிருமிகளும் அந்த வழியாகவே உள்ளே புகும். அதனால் ஊசி வழியாக நீரேற்றுவதும், செஃப்டாசிடிம் என்ற ஆன்டிபயாட்டிக்கை மூன்று நாட்களுக்கு ஒருமுறை போடுவதும் வழக்கம். ஊசியை உடலின் முன்பாகத்தில் போடுவார்கள்.

எத்தனை நாளில் ஆறும் என்று கேட்டால், நாள் கணக்கு வேண்டாம், மாதக் கணக்கு வையுங்கள். நாய்க்குப் பத்துப் பன்னிரண்டு நாட்களில் பிரிக்கிற தையலைப் பாம்புக்கு ஆறு வாரம் வரையிலும் விட்டுவைப்போம்.

செதில்:

இது சூட்டுக் காயம்தானா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தும்புத்தூள் நாட்கணக்கில் ஈரமாகவே கிடந்தால் வயிற்றுச் செதில் அழுகும். அதிலும் சிவப்பும் கொப்புளமும் வரும், ஆனால் அது பெரும்பாலும் உடலின் நீளத்தில் ஆங்காங்கே சிதறியிருக்கும். மேட்டின் மேல் படிந்த இடத்தில் மட்டும் ஒரே திட்டாக இருக்கிறது என்றால் சூடுதான். 49 பாகை என்று நீங்கள் அளந்திருப்பதால் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு என்பதற்காகவே எழுதினேன்.

தும்பளையான்:

ஏழு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னியுங்கள்.

மறுநாளே வைத்தியரிடம் போனோம். சூட்டுக் காயம்தான் என்று அவர் உறுதிப்படுத்தினார். கம்பவுண்டர் ஐயா எழுதியது அப்படியே நடந்தது: நாங்கள் சிவப்பு என்று நினைத்திருந்த செதில்களில் ஐந்து, ஒன்பதாம் நாள் மண்ணிறமாகக் காய்ந்தன. மயக்கம் கொடுத்து அந்தச் செத்த தோலை வைத்தியர் நீக்கினார். செஃப்டாசிடிமை அளந்து நிரப்பிய ஊசிகளாகவே தந்து, உறைநிலையில் வைக்கச் சொன்னார். எங்கள் வீட்டு உறைபெட்டியில் தேங்காய்ப்பூப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் அவை ஒரு மாதம் இருந்தன. மூன்று நாட்களுக்கு ஒருமுறை ஒன்றை எடுத்து, உள்ளங்கைக்குள் பொத்தி உருக்கி, மகன் பாம்பைப் பிடித்துக்கொள்ள நான் குத்துவேன். முதல் நாள் என் கைதான் நடுங்கியது, பாம்பு அசையவில்லை. அம்மா மஞ்சளை விட்டுவிட்டார். கடதாசி மாற்றும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார்.

போன கிழமை முதல் முறையாகச் சட்டை உரித்தது. மற்ற இடமெல்லாம் ஒரே துண்டாகக் கழன்றது. புண் இருந்த இடத்தில் மட்டும் பழைய தோல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இழுத்து எடுக்கலாமா?

பழைய கம்பவுண்டர்:

இழுக்காதீர்கள், ஐயா. கீழே இருக்கும் புதுத் தோலும் சேர்ந்து வந்துவிடும். அந்த இடம் மூடிவிட்டது, கசிவு இல்லை என்று வைத்தியர் சொன்னால், வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை அரை மணி நேரம் அதன் மேல் போட்டு, தானாகக் கழன்று வருவதை மட்டும் எடுங்கள். வராததை அடுத்த சட்டைக்கு விட்டுவிடுங்கள். காயம்பட்ட பாம்பு வழக்கத்தைவிடச் சீக்கிரம் சட்டை உரிக்கும். ஒவ்வொரு உரிப்பிலும் அந்தத் திட்டுச் சிறுத்துக்கொண்டே வரும். அந்த ஐந்து செதில்கள் மட்டும் பழைய வடிவத்துக்குத் திரும்பாமல் போகலாம்.