700 டாலருக்குள் நம்பகமான செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன் எது?

டல்லாஸ்_புதியவன்:

வணக்கம். டல்லாஸ் பக்கம் ஃபிரிஸ்கோவில் இருக்கிறேன். ஆறு மாதமாக அலுவலக நண்பர்களோடு சனிக்கிழமைகளில் ஸ்கீட் சுடப் போகிறேன், பறக்கும் களிமண் தட்டை உடைக்கிற அந்த விளையாட்டுதான். இதுவரை ரேஞ்சில் வாடகைக்குக் கிடைக்கும் 12 கேஜ் (கேஜ் என்பது குழல் அளவு, எண் கூடினால் குழல் சிறியது) பம்ப் துப்பாக்கியில்தான், அதாவது ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் வகையில்தான், சுட்டு வருகிறேன். மூன்று ரவுண்டு, அதாவது 75 தோட்டா முடிவதற்குள் தோள் கன்றிப் போகிறது. மனைவியும் வருகிறாள், அவளுக்கு இரண்டாவது ரவுண்டிலேயே போதும் என்றாகிவிடுகிறது. கிரீன் கார்டு போன வருடம் வந்துவிட்டது, அதனால் இப்போது சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். செப்டம்பர் 1 அன்று புறா சீசன் தொடங்கும்போது ஒரு நண்பரின் நிலத்துக்கு வரச் சொல்லி அழைப்பும் இருக்கிறது.

700 டாலர் என்று நினைத்தேன், அவசியம் என்றால் 900 வரை போகலாம். ஸ்டோகர் எம்3000, டிரைஸ்டார் வைப்பர் ஜி2, மாஸ்பெர்க் 940, வின்செஸ்டர் எஸ்எக்ஸ்4, பெரெட்டா ஏ300 என்று பெயர்களைப் படித்துப் படித்து குழப்பம்தான் மிச்சம். ஒருவர் கேஸ் என்கிறார், இன்னொருவர் இனர்ஷியா என்கிறார். துருக்கியில் செய்தது என்றால் நம்பலாமா? பழையது வாங்கலாமா? என் உயரம் 5 அடி 5 அங்குலம், மனைவி இன்னும் இரண்டு அங்குலம் குறைவு. வீட்டில் ஏழு வயதுப் பையன் இருக்கிறான், அதையும் சேர்த்து யோசித்துச் சொல்லுங்கள்.

புறாக்காடு:

பதினான்கு வருடமாக டெக்சாஸில் சுடுகிறேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் கேஸ், இனர்ஷியா குழப்பத்தைத் தீர்த்துவிடலாம், ஏனென்றால் உங்கள் தோள் வலிக்குப் பதில் அதில்தான் இருக்கிறது. கேஸ் வகையில், சுட்டதும் பேரலுக்குள், அதாவது துப்பாக்கிக் குழலுக்குள், உண்டாகும் வாயுவில் கொஞ்சம் சின்னத் துளைகள் வழியாக இறங்கி ஒரு பிஸ்டனைத் தள்ளும். அந்தப் பிஸ்டன், தோட்டாவின் பின்புறத்தை மூடியிருக்கும் போல்ட்டைப் பின்னால் தள்ளி, காலி ஷெல்லை, அதாவது சுட்ட தோட்டாவின் உறையை, வெளியே எறிந்து, அடுத்ததை உள்ளே ஏற்றும். உதையின் ஒரு பகுதி இந்த வேலையிலேயே செலவாகி மீதியும் சற்று நீண்டு வருவதால், தோளில் அடியாக விழாமல் தள்ளுவது போல இருக்கும். இனர்ஷியா என்பது பள்ளியில் படித்த நிலைமம்தான். நின்ற பேருந்து சட்டென்று கிளம்பினால் உள்ளே நிற்பவர் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்ப்பார் இல்லையா, அதுபோல மொத்தத் துப்பாக்கியும் பின்னால் உதைக்கும்போது போல்ட்டின் கனமான உடல் மட்டும் அசையாமல் நிற்கப் பார்க்கும். நடுவில் இருக்கும் தடித்த ஸ்பிரிங் அமுங்கி, பிறகு விரிந்து, போல்ட்டைத் திறக்கும். வாயு உள்ளே வராததால் கரி குறைவு, பாகங்கள் குறைவு, எடையும் குறைவு. ஆனால் எடை குறைந்த துப்பாக்கி அதிகமாக உதைக்கும், அதைத் தவிர்க்க வழியில்லை.

நாள் முழுக்க வயலில் சுமந்து நடந்து பத்துப் பதினைந்து தோட்டா சுடுகிறவருக்கு இனர்ஷியா அருமை. நீங்கள் ஒரே காலையில் 75 சுடுகிறவர், தோள் வேறு வலிக்கிறது, அதுவும் உதை குறைவான டார்கெட் தோட்டாவில். உங்களுக்குக் கேஸ்தான் சரி, எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

துருக்கி பற்றி. கொன்யா மாகாணத்தில் ஹுக்லு என்று ஒரு ஊர், தலைமுறை தலைமுறையாகத் துப்பாக்கி செய்வதே அங்கே தொழில். இங்கே சிஇசட் என்ற செக் நிறுவனத்தின் பெயரில் விற்ற ஷாட்கன்கள் அங்கிருந்துதான் வந்தன. ஸ்டோகரும் துருக்கியில் செய்வதுதான், ஆனால் அது பெனெல்லி, ஃபிராங்கி போல பெரெட்டா குழுமத்துக்குள் இருக்கிறது. அதனால் நாட்டின் பெயரைப் பார்த்து ஒதுக்காதீர்கள். பார்க்க வேண்டியது, இங்கே அதை இறக்குமதி செய்கிறவர் யார், ஐந்து வருடம் கழித்து காலி ஷெல்லை இழுத்தெடுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் ஒன்று வேண்டும் என்றால் யாரைக் கூப்பிடுவது என்பதை மட்டும்தான். நான் முதலில் 350 டாலருக்கு ஒன்று வாங்கினேன், பெயர் வேண்டாம். இருநூறு தோட்டாவுக்குள் எக்ஸ்ட்ராக்டர் முனை உடைந்தது. காலி ஷெல் வெளியே வராமல் சேம்பரிலேயே, அதாவது தோட்டா உட்காரும் அறையிலேயே, நிற்கும், நான் ஒவ்வொரு முறையும் விளிம்பை நகத்தால் நெம்பி எடுப்பேன். அந்தச் சின்ன இரும்புத் துண்டு கைக்கு வர இரண்டு மாதம் ஆனது, அந்த வருடப் புறா சீசன் அப்படியே போனது. 350 மிச்சம் பிடிக்கப் போய் ஒரு சீசனை விட்டேன். அதற்கப்புறம் பாகம் கிடைக்காத துப்பாக்கியை நான் தொடுவதில்லை.

உங்கள் பட்டியலில் என் ஓட்டு எஸ்எக்ஸ்4 அல்லது ஏ300. இரண்டும் கேஸ், இரண்டுக்கும் பாகம் சுலபமாகக் கிடைக்கும். 700 என்பதை 900 ஆக்கிக்கொள்ளுங்கள், வருத்தப்பட மாட்டீர்கள்.

வடக்குச்சதுப்பு:

மேலே சொன்னவரோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன், ஆனால் இனர்ஷியாவை இவ்வளவு சீக்கிரம் தள்ளிவிட வேண்டாம். மினசோட்டாவில் வாத்து வேட்டைக்கு எம்3000தான் வைத்திருக்கிறேன். சேறு, மழை, பனி எல்லாம் பார்த்துவிட்டது. சீசன் முடிவில் போல்ட்டைக் கழற்றித் துடைத்தால் துணியில் லேசான சாம்பல் நிறம்தான் வரும். கேஸ் துப்பாக்கி வைத்திருக்கும் என் தம்பி அதே நாளில் பிஸ்டனில் ஒட்டிய கரியைத் தகடு தகடாகச் சுரண்டிக்கொண்டு இருப்பான்.

ஒரு குறை உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. போல்ட்டை மெதுவாகக் கையால் பிடித்து மூடினாலோ, மூடிய பிறகு எதிலாவது லேசாக இடித்தாலோ, போல்ட் தலை முழுவதும் திரும்பிப் பூட்டிக்கொள்ளாமல் நின்றுவிடலாம். வெளியே பார்த்தால் மூடியது போலத்தான் தெரியும். வாத்து தலைக்கு மேல் வரும், டிரிக்கரை இழுப்பீர்கள், கிளிக் என்று ஒரு சத்தம் மட்டும் வரும். அதனால் போல்ட்டை எப்போதும் முழுசாக விட்டுவிட வேண்டும், அதன் சொந்த ஸ்பிரிங் வேகத்தில் போய் அடிக்கட்டும். அப்புறம், புதிதாக இருக்கும்போது உதை குறைவான தோட்டாவுக்குத் திணறும், முதல் சில பெட்டிகள் கனமானதாகச் சுட்டுப் பழக்க வேண்டும். தோள் வலிக்கிறவருக்கு அது கஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

இருபதுகேஜ்_அக்கா:

தம்பி, நீங்கள் உங்கள் தோளைப் பற்றி நான்கு வரி எழுதியிருக்கிறீர்கள், மனைவி பற்றி ஒரு வரிதான் இருக்கிறது. துப்பாக்கி இரண்டு பேருக்கு என்றால் அளவு குறைந்தவருக்குப் பொருந்துவதாகத்தான் பார்க்க வேண்டும். தோளில் பதியும் பின்கட்டை குட்டையாக இருந்தால் உயரமானவர் சமாளித்துவிடலாம். நீளக் கட்டையைக் குட்டையானவர் தூக்கினால் கட்டை தோள் குழியில் உட்காராமல் கைப் பக்கம் நழுவும், கன்னம் சரியாகப் படியாது, ஒவ்வொரு தோட்டாவும் தாடையில் குத்தும். எனக்கு முதல் வருடம் அப்படித்தான். துப்பாக்கிச் சுடுதலே எனக்கு ஒத்துவராது என்று நினைத்துவிட்டேன், கடைசியில் பார்த்தால் கட்டை ஒரு அங்குலம் நீளம், அவ்வளவுதான்.

டிரிக்கரிலிருந்து கட்டையின் முனை வரை உள்ள நீளம் வழக்கமான துப்பாக்கிகளில் 14 அங்குலத்தை ஒட்டி இருக்கும். எஸ்எக்ஸ்4 காம்பாக்ட் 13 அங்குலத்தில் வருகிறது, தேவைப்பட்டால் இடையில் தகடு வைத்து நீட்டலாம். கடையில் மனைவியைக் கண்ணை மூடிக்கொண்டு தோளுக்கு உயர்த்தச் சொல்லுங்கள், காலியாக இருக்கிறதா என்று இரண்டு பேரும் பார்த்த பிறகு. கண்ணைத் திறக்கும்போது பேரலின் மேல்பட்டை ஒரே கோடாக, குறிபார்க்க நுனியில் இருக்கும் சின்ன மணி நடுவில் தெரிய வேண்டும். கழுத்தை வளைத்துத் தேட வேண்டியிருந்தால் அந்தத் துப்பாக்கி வேண்டாம், எந்தப் பெயராக இருந்தாலும்.

20 கேஜையும் யோசியுங்கள். புறாவுக்கும் ஸ்கீட்டுக்கும் அது தாராளம். ஆனால் ஒரு எச்சரிக்கை, இதை யாரும் எழுதவில்லை. 20 கேஜ் வாங்கினால் வீட்டில் 12 கேஜ் தோட்டாவையோ துப்பாக்கியையோ சேர்த்து வைக்காதீர்கள். 20 கேஜ் ஷெல்கள் மஞ்சள் நிறத்தில் வருவது அழகுக்காக இல்லை. ஒரு 20 கேஜ் ஷெல் தவறி 12 கேஜ் துப்பாக்கிக்குள் போனால் சேம்பரில் நிற்காமல் முன்னால் வழுக்கிப் பேரலுக்குள் அடைத்துக்கொள்ளும். சேம்பர் காலியாகத் தெரியும். சுடவில்லையே என்று அதன் பின்னால் 12 கேஜ் ஷெல்லைப் போட்டுச் சுட்டால், இடது கை பிடித்திருக்கும் இடத்தில் பேரல் வெடிக்கும். நான் ஒரு முறை ரேஞ்சில் தோட்டா போட்டு அணியும் வெஸ்ட்டின் பையைக் கவிழ்த்தபோது சிவப்பு 12 கேஜ் ஷெல்களுக்கு நடுவே ஒரே ஒரு மஞ்சள் ஷெல் உருண்டு வந்தது. அதற்கு முந்தின வாரம் அந்த வெஸ்ட்டை மகளுக்குக் கொடுத்திருந்தேன். அன்று சுடாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன், கை நடுக்கம் சாயங்காலம் வரை நிற்கவில்லை.

பையன் விஷயம்: துப்பாக்கிக்கு முன்னால் பூட்டு அலமாரி வாங்குங்கள். தோட்டா வேறு பெட்டியில், வேறு சாவியில். 900 டாலரில் இதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஹெச்1பி_மதுரை:

நடுவில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். நான் இன்னும் எச்-1பி விசாவில்தான் இருக்கிறேன். நண்பர்களோடு ரேஞ்சுக்குப் போய் வாடகைத் துப்பாக்கியில் சுட்டிருக்கிறேன், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் வாங்கலாமா?

புறாக்காடு:

தம்பி, நல்ல வேளை கேட்டீர்கள். இதில் நம் ஆட்கள் நிறையப் பேர் தெரியாமல் மாட்டுகிற இடம் இருக்கிறது. கூட்டாட்சிச் சட்டப்படி எச்-1பி போன்ற, குடியேற்றம் அல்லாத விசாவில் உள்ளே வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூடாது, சில விலக்குகள் தவிர. ரேஞ்சில் ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுத்துக் கையில் பிடிப்பதும் வைத்திருப்பதாகவே கணக்கு. பெரும்பாலோர் பயன்படுத்தும் விலக்கு, அமெரிக்காவின் ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதி ஆகாத வேட்டை உரிமம். அது இருந்தால் வாங்கலாம், சுடலாம்.

கவனிக்க வேண்டியது அந்தக் "காலாவதி ஆகாத" என்பதைத்தான். டெக்சாஸ் வருட உரிமம் ஆகஸ்ட் 31 அன்று முடியும். புதுப்பிக்க மறந்தால் செப்டம்பர் 1 காலையில் உங்கள் அலமாரியில் இருக்கும் துப்பாக்கியே குற்றமாகிவிடும். விசாவில் இருப்பவருக்கு இது அபராதத்தோடு போகிற விஷயம் இல்லை, கிரீன் கார்டு கனவையே கெடுத்துவிடும். வாங்குவதற்கு முன் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். உரிமம் கைக்கு வரும்வரை ரேஞ்சுக்குப் போனாலும் துப்பாக்கியைத் தொடாதீர்கள்.

கேள்வி கேட்டவருக்கு: கிரீன் கார்டு இருப்பதால் இந்தத் தடை உங்களுக்கு இல்லை. கடையில் துப்பாக்கி வாங்குகிறவர் நிரப்பும் 4473 படிவத்தில், கிரீன் கார்டில் இருக்கும் உங்கள் ஏலியன் எண்ணைக் கேட்பார்கள், கார்டை எடுத்துப் போங்கள். புறாவுக்குப் போவதற்கு முன் வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும், 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த எல்லாருக்கும் டெக்சாஸில் அது கட்டாயம். வேட்டை உரிமத்தோடு வலசைப் பறவைக்கான அனுமதியும் சேர்த்து எடுங்கள். துப்பாக்கிப் பெட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் குச்சி இருக்கும், அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் குழாயான மேகசினுக்குள் அதைச் செருகி மொத்தம் மூன்று தோட்டாவுக்கு மேல் ஏறாதபடி வைத்தால்தான் புறாவுக்கும் வாத்துக்கும் சட்டப்படி சுடலாம்.

பழைய1100:

பழையது பற்றி யாரும் சொல்லவில்லை. ரெமிங்டன் 1100, 1963இல் வந்த கேஸ் துப்பாக்கி. கனம், அதனால் உதை குறைவு. இதமாகச் சுடும் துப்பாக்கி என்று இன்றும் பழைய ஆட்கள் அதைத்தான் கையில் கொடுப்பார்கள். நிறுவனம் 2018இலும் 2020இலும் திவால் ஆனது, ஆனால் லட்சக்கணக்கில் விற்றது என்பதால் பாகத்துக்குப் பஞ்சமில்லை. நான் 450 டாலருக்கு அடகுக் கடையில் எடுத்தேன்.

வாங்கும்போது பேரலுக்கு அடியில் கை பிடிக்கும் முன்கட்டையைக் கழற்றிப் பாருங்கள். மேகசின் குழாயில் ஒரு கறுப்பு ரப்பர் வளையம் இருக்கும், பைக் கார்புரேட்டரில் இருப்பது போல. அது வெடித்தோ நசுங்கியோ இருந்தால் வாயு கசிந்து ஷெல் பாதியில் சிக்கும். பலர் துப்பாக்கியே கெட்டுவிட்டது என்று விற்பது இந்த வளையத்தால்தான். இரண்டு மூன்று டாலர் பொருள், பையில் எப்போதும் இரண்டு உதிரி வைத்திருப்பேன். ஆனால் பேரலின் உள்ளே வெளிச்சத்தில் குழி குழியாகத் துரு தெரிந்தால், அல்லது குழாய் மேலே துரு அரித்திருந்தால், விலை எவ்வளவு குறைத்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

டல்லாஸ்_புதியவன்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரண்டு பேரும் கடைக்குப் போனோம். அக்கா சொன்ன மாதிரி கண்ணை மூடித் தூக்கிப் பார்த்தோம். ஏ300 எனக்குப் பிடித்திருந்தது, அவளுக்கு முழங்கை நீண்டு கழுத்து வளைந்தது. எஸ்எக்ஸ்4 காம்பாக்ட் 20 கேஜ் எடுத்ததும் அவள் கண்ணைத் திறந்து "மணி நேராகத் தெரியுது" என்றாள். எனக்குக் கொஞ்சம் குட்டைதான், தகடு ஒன்று வைத்ததும் சரியாகிவிட்டது. அதையே சொல்லிவிட்டோம். 700 தாண்டியது, பூட்டு அலமாரியோடு சேர்த்து 900ஐயும் தாண்டியது, பரவாயில்லை. அலமாரி வந்து சுவரில் போல்ட் அடித்த பிறகுதான் துப்பாக்கியை எடுத்து வரப் போகிறோம், அதுவரை கடையிலேயே வைத்திருக்கச் சம்மதித்தார்கள்.

வாடகைத் துப்பாக்கிக்கு வாங்கி வைத்த 12 கேஜ் தோட்டா இரண்டு பெட்டி கராஜில் இருந்தது. இன்று காலையில் நண்பரிடம் கொடுத்துவிட்டேன். வந்து வெஸ்ட் பைகளையும் கார் டிக்கியையும் கவிழ்த்துப் பார்த்தேன், சீட்டுக்கு அடியில் இன்னும் ஒரு சிவப்பு ஷெல் இருந்தது. அதையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். வேட்டைப் பயிற்சி வகுப்புக்கு இரண்டு பேரும் பதிவு செய்துவிட்டோம்.