இன்ஜின் ஈசியு பழுதுதான் என்று எப்படி உறுதிசெய்வது?

கேள்வி: ஓடிக்கொண்டிருக்கும் வண்டி திடீரென அணைந்து, சிறிது நேரம் கழித்து மீண்டும் ஸ்டார்ட் ஆகிறது. அந்த நேரத்தில் ஸ்கேனருக்கு இன்ஜின் ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பதிலளிப்பதில்லை. வண்டியின் மற்ற கணினிகளில் யு0100 என்ற பழுதுக் குறியீடு பதிவாகிறது. ஈசியுவையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில் 1: பொறுங்கள். யு0100 என்பது ஈசியுவுடன் தொடர்பு அறுந்தது என்று மட்டுமே சொல்கிறது. ஏன் அறுந்தது என்று சொல்வதில்லை. மெயின் ரிலே (ஈசியுவுக்கு மின்சாரம் தரும் சுவிட்ச்) வழியாக வரும் மின்சாரத்தையும், அதைவிட முக்கியமாக எர்த் இணைப்பையும் முதலில் சோதியுங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை ஈசியுவின் எர்த் பின்னிலும் மறுமுனையை பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்து, ஸ்டார்ட்டர் சுழலும்போது அளவிடுங்கள், 0.1 வோல்ட்டைக் கணிசமாகத் தாண்டினால், துருப்பிடித்த எர்த் போல்ட்டையோ வயரையோதான் சந்தேகிக்க வேண்டும்.

பதில் 2: சென்சார்களுக்கு ஈசியு தரும் 5 வோல்ட்டையும் பாருங்கள். ஏதேனும் ஒரு சென்சார் ஷார்ட் ஆனாலே அந்த மின்னழுத்தம் சரிந்து, ஈசியு செத்துவிட்டதைப் போலத் தோன்றும். சென்சார்களின் சாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றுகையில் 5 வோல்ட் திரும்பினால், கடைசியாகக் கழற்றியதிலோ அதன் வயரிலோதான் கோளாறு.

பதில் 3: இவையனைத்தும் சரியாக இருந்து, பழுது நேரும்போதும் மின்சாரம், எர்த், கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கேன் வயர்கள் ஆகியவை குறையின்றி இருந்தால் மட்டும் மாற்றுங்கள். பாக எண் பொருந்துவது மட்டும் போதாது: இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் இன்ஜினை ஸ்டார்ட் ஆகவிடாத திருட்டுத் தடுப்பு) உள்ள வண்டியில், வேறொரு வண்டியிலிருந்து எடுத்த ஈசியு சாவியை ஏற்காததால் இன்ஜின் பெரும்பாலும் ஸ்டார்ட் ஆகாது. பழைய ஈசியுவின் நினைவகத் தரவைப் புதியதற்கு மாற்றவோ, சாவியை மீண்டும் பதிவுசெய்யவோ நேரிடும் என்பதால், அந்த வேலை முடியும்வரை பழையதைத் தயவுசெய்து யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.