நெரிசலில் மட்டும் இன்ஜின் சூடேறுகிறது: தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடலாமா?

கேள்வி

வணக்கம். என்னிடம் 11 ஆண்டுகள் ஓடிய, 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் கொண்ட சிறிய கார் உள்ளது. செங்கல்பட்டிலிருந்து திண்டிவனம் வரை ஏசியைப் போட்டுக்கொண்டு 80 கிலோமீட்டர் வேகத்தில் சென்றாலும் வெப்பம் காட்டும் முள் பாதியைத் தாண்டுவதில்லை. ஆனால் மாலையில் பெருங்களத்தூரிலிருந்து பல்லாவரம் வரை ஜிஎஸ்டி சாலையில் ஊர்ந்து வரும்போது, இருபது நிமிடங்களுக்குள் முள் சிவப்புக் கோட்டை நெருங்கிவிடுகிறது. ஏசியின் குளிர்ச்சியும் அதே நேரத்தில் குறைகிறது. வண்டி சற்று வேகமெடுத்ததும் இரண்டும் சரியாகிவிடுகின்றன.

ஒரு பணிமனையில் கூலன்ட்டையும் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) தெர்மோஸ்டாட்டையும் (சூட்டுக்கேற்பத் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) மாற்றியும் பயனில்லை. இன்னொரு மெக்கானிக், ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேற்பகுதியான ஹெட்டுக்கு அடியிலுள்ள கசிவுத் தடுப்புத் தகடு) போயிருக்கும், ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்கிறார். மூன்றாமவர் தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிட்டால் சூடு ஏறாது என்கிறார். கூலன்ட் அளவு குறையவில்லை. வாரம் இருமுறை தாயாரை மருத்துவமனைக்கு இந்த வண்டியில்தான் அழைத்துச் செல்கிறேன். எதை முதலில் பார்க்க வேண்டும்?

மறுமொழி 1

ஐயா, ஹெட்டைக் கழற்ற ஒப்புக்கொள்ள வேண்டாம். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நிற்கும்போது அந்த வேலை முழுவதும் ஃபேனுடையது. நெடுஞ்சாலையில் இன்ஜின் இதைவிட அதிக வெப்பத்தை உண்டாக்கியும் முள் அசையவில்லை என்றால், வாட்டர் பம்ப்பும் ரேடியேட்டரின் உட்குழாய்களும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன என்று பொருள். ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் அமைந்திருப்பதால் அதற்கும் அதே ஃபேன் காற்றுதான் கிடைக்கிறது. குளிர்ச்சியும் சேர்ந்து குறைவது இதனால்தான்.

இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போட்டு, ஃபேன் சுற்றுகிறதா என்பதோடு எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதையும் பாருங்கள். சுற்றாவிட்டால் முதலில் ஃபியூஸையும், பிறகு ரிலேயையும் (ஃபேனுக்கு மின்சாரத்தை இணைக்கும் மின்சுவிட்ச்) பாருங்கள். மெதுவாகச் சுற்றினால், சாவியை எடுத்துவிட்டு, ஃபேனின் இணைப்பானைக் கழற்றி, ஃபியூஸ் வைத்த வயர் மூலம் பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் மந்தமாகச் சுற்றினால் மோட்டார் தேய்ந்துவிட்டது. முழு வேகத்தில் சுற்றினால் பழுது வயரிலோ, ரிலேயிலோ, எர்த் இணைப்பிலோ இருக்கிறது. சூடான வண்டியில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் திடீரென்று சுற்றக்கூடும். இணைப்பானைக் கழற்றும்வரை இறக்கைகளின் அருகே கையைக் கொண்டு போகாதீர்கள்.

மறுமொழி 2

மேலே சொன்னது சரி. தெர்மோஸ்டாட்டைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன், ஏனெனில் அதைக் கழற்றிவிடும் பழக்கம் நம் ஊரில் பல நல்ல இன்ஜின்களைக் கெடுத்திருக்கிறது. பெரும்பாலான கார்களில் அது 82 முதல் 88 டிகிரி செல்சியஸ் அளவில் திறக்கத் தொடங்கும். நெரிசலில் உங்கள் இன்ஜின் 100 டிகிரியைத் தாண்டும்போது அது ஏற்கெனவே முழுமையாகத் திறந்துதான் இருக்கும். திறந்திருக்கும் கதவைப் பெயர்த்தெடுப்பதால் கூடுதலாக ஒருவரும் நுழைந்துவிட முடியாது. மாறாக, இன்ஜின் உரிய சூட்டுக்கு வர நெடுநேரமாகும், அதுவரை பெட்ரோல் அதிகமாகச் செலவாகும், தேய்மானமும் கூடும்.

ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் பெரும்பாலும் கூலன்ட் குறையும், ரேடியேட்டரில் குமிழிகள் வரும், அல்லது ஆயில் மூடியின் அடியில் பால்போன்ற படிவு இருக்கும். ஐயம் தீர வேண்டுமானால், சிலிண்டரில் பெட்ரோல் எரிந்து உண்டாகும் வாயு கூலன்ட்டில் கலந்திருந்தால் நீலத்திலிருந்து மஞ்சளாக மாறும் சோதனைத் திரவம் இருக்கிறது. அந்தச் சோதனை கூடச் செய்யாமல் ஹெட்டைக் கழற்றச் சொல்வது முறையன்று.

சரிசெய்யும்வரை, முள் ஏறத் தொடங்கியதும் ஏசியை நிறுத்திவிட்டு ஹீட்டரை முழு அளவில் வையுங்கள். தாயார் உடன் இருக்கையில் அது கடினம்தான், ஆனால் இன்ஜினின் சூட்டில் ஒரு பகுதி அவ்வழியே வெளியேறும். சிவப்பைத் தொட்டால் ஓரமாக நிறுத்தி அணைத்துவிடுங்கள். சூடு தணியும்முன் ரேடியேட்டர் மூடியைத் திறப்பது, ஆவி அடங்காத குக்கரைத் திறப்பதற்குச் சமம்.

கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஃபேன் சுற்றியது, ஆனால் இறக்கைகளைக் கண்ணால் எண்ணிவிடும் அளவுக்கு மெதுவாக. சுற்றுவதைப் பார்த்தவுடன் சரியாக இருக்கிறது என்று முந்தைய பணிமனையில் விட்டுவிட்டார்கள் போலும். நேரடியாக மின்சாரம் கொடுத்தும் வேகம் கூடவில்லை. மோட்டாரைப் பிரித்தபோது கார்பன் பிரஷ்கள் அடிவரை தேய்ந்திருந்தன. இணைப்பானின் ஒரு முனையும் கருகியிருந்தது. மோட்டாரையும் இணைப்பானையும் மாற்றினோம். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே கம்பளிபோல் படிந்திருந்த தூசியையும் கழுவி எடுத்தோம்.

நேற்று மாலை குரோம்பேட்டையில் ஏசியுடன் நாற்பது நிமிடங்கள் ஊர்ந்தேன். ஓபிடி கருவியில் (வண்டியின் கணினி அளவுகளைப் படித்துக் காட்டுவது) கூலன்ட்டின் சூடு 102 டிகிரிக்கு மேல் ஏறவில்லை. ஒன்று கேட்க மறந்துவிட்டேன்: இடையில் இரண்டு முறை அவசரத்துக்கு ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றியிருக்கிறேன். அதனால் கெடுதல் உண்டா?

மறுமொழி 1

மகிழ்ச்சி. அந்த நீரை அப்படியே விட வேண்டாம். உப்பு மிகுந்த நீர் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் சுண்ணாம்பாகப் படியும், அலுமினியத்தையும் அரிக்கும். முழுவதும் வடித்து, காய்ச்சி வடித்த நீரால் அலசிவிட்டு, உங்கள் வண்டியின் கையேடு கூறும் கூலன்ட்டைக் கூறிய விகிதத்தில் நிரப்பி, உள்ளே காற்று தங்காதபடி வெளியேற்றச் சொல்லுங்கள்.

ரேடியேட்டர் மூடியையும் மாற்றிவிடுங்கள். அது உள்ளே அழுத்தத்தைத் தக்கவைப்பதால்தான் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. 11 ஆண்டுகளில் அதன் ரப்பர் இறுகிப்போயிருக்கும். புதிய மூடி வாங்கும்போது பழையதில் அச்சிட்டுள்ள அழுத்த அளவையே கேட்டு வாங்குங்கள்.