இறுதி ஊர்வலத்துக்கு முன்னால் நூறு பைக்குகள் தேவைதானா?

மிசூரிக்காரன்

எங்கள் மாவட்டத்தைச் சேர்ந்த படைவீரர் ஒருவர் பணியில் இறந்துவிட்டார். உடல் டெலவேரில் உள்ள டோவர் விமானப்படைத் தளத்துக்கு வந்துவிட்டது. அடுத்த வாரம் இங்கே கொண்டுவருகிறார்கள். விமான நிலையத்திலிருந்து ஊர் வரை சவ வாகனத்துக்குத் துணையாகச் செல்லத் தன்னார்வலர்களைத் திரட்டுகிறார்கள். பேட்ரியாட் கார்ட் ரைடர்ஸ் என்ற பைக்காரர் அமைப்பின் உள்ளூர் அணிதான் ஏற்பாடு. படையில் இருந்திருக்க வேண்டியதில்லை, சந்தா கிடையாது, பைக் இல்லாவிட்டாலும் கொடி பிடித்து நிற்கலாம் என்கிறார்கள். வார இறுதிகளில் சேர்ந்து ஓட்டும் நம் தமிழ் நண்பர்கள் நான்கைந்து பேர் தயாராக இருக்கிறார்கள். எனக்குத்தான் தயக்கம். முகம் தெரியாத ஒருவரின் சாவுக்கு நாம் பைக்கில் போய் நிற்பது சரியா?

கரிக்கோடு

சரியில்லை. சாவு வீட்டில் வேண்டியது அமைதி. பிரிட்டனில் வூட்டன் பாசெட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 2007 முதல் 2011 வரை ஆப்கானிஸ்தானிலும் ஈராக்கிலும் இறந்தவர்களின் உடல்கள் அந்த ஊர் வழியாகத்தான் சென்றன. மக்கள் தெருவோரம் வந்து நின்றார்கள், வண்டி கடந்ததும் கலைந்தார்கள். கனடாவில் ட்ரென்டன் தளத்திலிருந்து டொரன்டோ வரை 401ஆம் நெடுஞ்சாலையின் மேம்பாலங்களில் கொடியோடு ஆட்கள் நின்றார்கள். 2007இல் அந்தப் பகுதிக்கு வீரர்களின் நெடுஞ்சாலை என்றே பெயர் சூட்டினார்கள். இரண்டு இடத்திலும் நகர்ந்தவர் இறந்தவர் மட்டுமே. இங்கேயோ நாமும் நகர வேண்டும், அதுவும் குரோமியம் பளபளக்க, புகைப்போக்கி அதிர. ஊர் பார்ப்பது யாரை?

இரட்டைச்சக்கரம்

ஐயா, வூட்டன் பாசெட்டைச் சொன்னவர் 2010 மார்ச்சில் அதே தெரு வழியாக ஆயிரக்கணக்கான பைக்குகள் போனதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

கரிக்கோடு

அது அந்த ஊருக்கு நன்றி சொல்லவும் நிதி திரட்டவும் நடந்த பேரணி. எந்தச் சவப்பெட்டிக்கும் முன்னால் அவர்கள் ஓட்டவில்லை. என் கட்சிக்குத்தான் வலு சேர்க்கிறீர்கள்.

இரட்டைச்சக்கரம்

அதை விடுங்கள். அமெரிக்காவில் பைக் எப்படி உள்ளே வந்தது என்பதைப் பார்ப்போம். கான்சஸின் டொபீகா நகரில் வெஸ்ட்பரோ பாப்டிஸ்ட் சர்ச் என்று ஒரு சிறு சபை. பெரும்பாலும் ஒரே குடும்பத்தார். தன்பாலீர்ப்பாளர்களை நாடு பொறுத்துக்கொள்வதால் கடவுள் படைவீரர்களைக் கொன்று தண்டிக்கிறார் என்பது அவர்கள் போதனை. வீரர்கள் செத்ததற்கு இறைவனுக்கு நன்றி என்று எழுதிய பலகைகளோடு இறுதிச்சடங்குகளுக்கு வெளியே நிற்பார்கள். 2005இல் அதே கான்சஸில் மல்வேன் ஊர் அமெரிக்கன் லீஜன் ரைடர்ஸ் (முன்னாள் படைவீரர் சங்கத்தின் பைக் அணி) 136ஆம் கிளையினர் இதைப் பொறுக்காமல் கிளம்பினார்கள். குடும்பத்தாருக்கும் பலகைகளுக்கும் நடுவே பெரிய கொடிகளோடு வரிசையாக நின்றார்கள். கூச்சல் காதில் விழாமல் இருக்க எஞ்சினை முறுக்கினார்கள். அங்கே சத்தம்தான் திரை. அதிலிருந்து பிறந்ததுதான் மிசூரிக்காரன் சொல்லும் அமைப்பு. ஒரு தாய் தன் மகனைப் புதைக்கும் நேரத்தில் அந்தப் பலகையைப் படிக்க விடலாமா, சொல்லுங்கள்.

கரிக்கோடு

விடக்கூடாது. மிசூரிக்காரரே, உங்கள் ஊருக்கு அந்தச் சபை வருவதாக ஏதாவது செய்தி உண்டா?

மிசூரிக்காரன்

இல்லை.

கரிக்கோடு

அப்படியானால் காய்ச்சல் விட்ட பிறகும் கஷாயம் குடிக்கச் சொல்கிறீர்கள். தவிர, அவர்களைத் தள்ளி நிறுத்தச் சட்டம் வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன.

வழக்காடி

சட்டம் என்றதால் உள்ளே வருகிறேன். 2006இல் வந்த கூட்டாட்சிச் சட்டம் தேசியக் கல்லறைகளின் வாசலிலிருந்து 300 அடிக்குள், சடங்குக்கு ஒரு மணி நேரம் முன்பிலிருந்து ஒரு மணி நேரம் பின்பு வரை ஆர்ப்பாட்டத்துக்குத் தடை விதித்தது. 2012இல் அந்த நேரத்தை இரண்டிரண்டு மணியாக நீட்டினார்கள். அவ்வளவுதான் அதன் கை நீளம். அந்த எல்லைக்கு வெளியே அமைதியாக நிற்பவரை அந்தச் சட்டம் தொடாது.

ஸ்னைடர் எதிர் ஃபெல்ப்ஸ் வழக்கைப் பாருங்கள்; ஃபெல்ப்ஸ் அந்தச் சபையின் நிறுவனர். ஈராக்கில் 2006 மார்ச்சில் இறந்த மரைன் வீரர் மேத்யூ ஸ்னைடரின் இறுதிச்சடங்கு மேரிலாந்தில் நடந்தபோது அந்தச் சபையினர் தேவாலயத்திலிருந்து சுமார் 1,000 அடி தூரத்தில், காவல்துறை காட்டிய இடத்தில் நின்றார்கள். தந்தை வழக்குப் போட்டார். ஜூரி ஒரு கோடியே ஒன்பது லட்சம் டாலர் இழப்பீடு கொடுத்தது; நீதிபதி அதை ஐம்பது லட்சமாகக் குறைத்தார்; மேல்முறையீட்டில் அதுவும் போயிற்று. 2011இல் உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என்ற கணக்கில் சபைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பொது இடத்தில், பொது விஷயத்தைப் பற்றிப் பேசியதற்காக, எவ்வளவு புண்படுத்தும் பேச்சானாலும், தண்டிக்க முடியாது என்பதே சாரம். நீதிபதி அலிட்டோ ஒருவர்தான் மறுத்தார்.

எனவே அரசு அந்தப் பலகையை இறக்கச் சொல்ல முடியாது. ஆனால் குடிமக்கள் கொடியோடு நடுவில் வந்து நிற்கலாம். அவர்களுக்கும் அதே பேச்சுரிமைதான். சட்டம் விட்ட இடத்தை நிரப்பியது பைக்காரர்கள் என்றே நான் பார்க்கிறேன்.

கரிக்கோடு

வழக்காடி அவர்களே, அதே வழக்கின் இன்னொரு விவரத்தையும் சொல்லிவிடுங்கள். அந்தத் தந்தை ஊர்வலத்தில் செல்லும்போது பலகைகளின் மேல்முனைகளைத்தான் பார்த்தார். என்ன எழுதியிருந்தது என்பது அன்றிரவு தொலைக்காட்சிச் செய்தியில்தான் தெரிந்தது. தொலைக்காட்சிக்கு முன்னால் எந்தக் கொடியைக் கட்டுவீர்கள்?

வழக்காடி

உண்மைதான், தீர்ப்பிலேயே அது இருக்கிறது. அதற்காகத் தெருவில் மறைக்க வேண்டாம் என்று ஆகிவிடாது.

மருதாணி

இவ்வளவு நேரம் யாரும் குடும்பத்தைக் கேட்கவில்லை. எங்கள் உறவில் ஒரு பையன் இப்படித் திரும்பி வந்தான், அதனால் எழுதுகிறேன்.

குடும்பம் அழைத்தால்தான் வருவோம் என்பது அந்த அமைப்பின் விதி. நல்ல விதி. ஆனால் அழைப்பு எப்படி நடக்கிறது தெரியுமா? படையிலிருந்து குடும்பத்துக்கென ஓர் அதிகாரியை அனுப்புகிறார்கள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாக நகர்த்துகிறார். எந்தக் கல்லறை, எந்தச் சீருடை, பத்திரிகைக்காரர்கள் வரலாமா. அந்த வரிசையில் ஒரு கேள்வி, பைக் அணி வேண்டுமா என்பது. எங்கள் அத்தை எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மேசைமேல் யானை வேண்டுமா என்று கேட்டிருந்தாலும் சரி என்றிருப்பாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

கரிக்கோடு

இதைத்தான் நான் ஆரம்பத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

மருதாணி

பொறுங்கள் அண்ணா, முடிக்கவில்லை. அன்று வண்டிகள் வந்த சத்தம் அத்தைக்குப் பிடிக்கவில்லை; காதைப் பொத்திக்கொண்டாள். ஆனால் கல்லறையில் அவர்கள் இறங்கி நின்றது வேறு. எங்கள் பக்கத்தில் நின்ற பெரியவர் கொடிக்கம்பின் அடி ஈரப் புல்லில் இறங்கிவிடாமல் தன் பூட்ஸின் முனைமேல் அதை ஊன்றியிருந்தார். முழு நேரமும் அப்படியே. கண்ணாடி வழியாக வியர்வை இறங்கியது, துடைக்கவில்லை. அத்தை இன்றைக்கும் பேசுவது அவரைப் பற்றித்தான். அவர் யார் என்று எங்களுக்குத் தெரியாது. அதனால் என் எண்ணம், நிற்க வேண்டும், ஓட்டத் தேவையில்லை.

இரட்டைச்சக்கரம்

சகோதரி, நீங்கள் சொன்னது என்னைப் போல் அணியை நடத்துபவர்கள் படிக்க வேண்டியது. கேள்வியைக் கேட்கும் விதத்தில்தான் கோளாறு. வேண்டுமா என்று கேட்டால் ஆம் என்றுதான் வரும். நான் இறுதிச்சடங்கு இல்லத்தாரிடம் மூன்றாகப் பிரித்துக் கேட்கச் சொல்வேன்: கொடி வரிசை மட்டுமா, வண்டிகளும் வேண்டுமா, யாருமே வேண்டாமா. முடிந்தால் துக்கத்தில் சற்று விலகி நிற்கும் சித்தப்பா, மாமா யாரையாவது கேட்பது. முதல் நாள் மறுபடி ஒரு முறை. வேண்டாம் என்று வந்தால் ஐம்பது பேர் ஐம்பது மைல் தாண்டி வந்திருந்தாலும் திரும்பிப் போக வேண்டியதுதான்.

ஆனால் ஓட்டவே கூடாது என்பதை ஏற்க மாட்டேன். விமான நிலையத்திலிருந்து ஊர் வரை நீண்ட சாலை. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் விவசாயிகள் டிராக்டரை நிறுத்திவிட்டு வரப்பில் தொப்பியைக் கழற்றி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். முன்னால் வரும் விளக்கு வரிசை இல்லையென்றால் போவது யார் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

கரிக்கோடு

விளக்குக்கு இரண்டு போலீஸ் கார் போதும். நூறு பைக் வந்தால் விபத்துக்கு நூறு வாய்ப்பு. ஜாக்கெட்டில் தேர்தல் பேட்ஜ் குத்திக்கொண்டு வருபவர் வேறு. இறந்தவர் யாருக்கு வாக்களித்தாரோ?

இரட்டைச்சக்கரம்

பேட்ஜ் விஷயத்தில் உங்களோடு சண்டையே இல்லை. என் அணியில் கட்சி வாசகம் தெரிந்தால் கழற்றச் சொல்வேன், மறுத்தால் ஓரமாக நிறுத்திவிடுவேன்.

விபத்துப் பயம் நியாயமானது, அதனால் விவரமாகச் சொல்கிறேன். நூறு வண்டியை ஒரே கூட்டமாக யாரும் ஓட்டக்கூடாது. அமெரிக்க மோட்டார்சைக்கிள் பாதுகாப்பு அறக்கட்டளை ஐந்து முதல் ஏழு பேர் கொண்ட குழுதான் நல்லது என்கிறது. அப்படிப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் முன்னே ஒரு பழகிய ஆள், கடைசியில் ஒரு பழகிய ஆள். பாதையில் ஒன்றுவிட்டு ஒன்று இடம், வலம் என்று விலகி ஓட்டம். நேர் முன்னால் இருப்பவருக்கு இரண்டு விநாடி இடைவெளி. ஊருக்குள் சவ வாகனம் நடை வேகத்தில் போகும். காற்றில் குளிரும் எஞ்சின்கள் அப்போது அடுப்பாகிவிடும், கிளட்ச் பிடித்த கை மரத்துப்போகும். புதியவர்கள் தடுமாறுவது அங்கேதான், நெடுஞ்சாலையில் இல்லை. குறுக்குச் சாலையை மறிப்பது காவல்துறையின் வேலை. ஆர்வக்கோளாறில் தானே போய் நடுவில் நின்று கை காட்டுபவரை நான் மறுமுறை சேர்ப்பதில்லை. எஞ்சினை முறுக்குவதும் இப்போது கிடையாது, எதிரே கூச்சல் போட ஆள் இல்லாதபோது அதற்கு வேலையும் இல்லை.

மிசூரிக்காரன், உங்கள் நண்பர்களில் கூட்டமாக ஓட்டிப் பழகாதவர் இருந்தால் பைக்கை வீட்டில் விட்டுவிட்டு காரில் வந்து கொடி பிடிக்கட்டும். அவருக்கு ஒரு குறையும் இல்லை.

மிசூரிக்காரன்

அண்ணா, நாங்கள் வெளியிலிருந்து வந்தவர்கள். அங்கே வந்து நிற்கும்போது நீ யார் என்று பார்க்க மாட்டார்களா?

இரட்டைச்சக்கரம்

முதல் ஐந்து நிமிடம் பார்ப்பார்கள். பிறகு கொடியைக் கையில் கொடுத்து, மூன்றாவது கம்பத்தருகே நில் என்பார்கள். என்னையும் அப்படித்தான் நிறுத்தினார்கள்.

கரிக்கோடு

நான் மாறவில்லை. மருதாணி சொன்னதை மட்டும் ஏற்கிறேன்: நில்லுங்கள், ஓட்டாதீர்கள். ஓட்டியே தீருவேன் என்றால் கல்லறைக்கு அரை மைல் முன்பே எஞ்சினை அணைத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு போங்கள். பார்க்கலாம் உங்கள் மரியாதையை.

இரட்டைச்சக்கரம்

என் வண்டி முன்னூற்றைம்பது கிலோவுக்கு மேல், ஐயா. அரை மைல் தள்ளினால் எனக்கும் சேர்த்து ஒரு குழி வெட்ட வேண்டியிருக்கும். ஒரு சமரசம் சொல்கிறேன்: வாசலுக்கு வெளியே சாலையோரமாக வண்டிகளை நிறுத்திவிட்டு உள்ளே நடந்து போகிறோம். வெளியேறும்போதும் குடும்பத்தாரின் கார்கள் எல்லாம் போன பிறகே கிளப்புகிறோம்.

மருதாணி

அது போதும்.

கரிக்கோடு

எனக்குப் போதாது. ஆனால் இதையாவது அந்த அணித்தலைவரிடம் எழுத்தில் வாங்குங்கள், மிசூரிக்காரரே.

மிசூரிக்காரன்

இன்று மாலை அவரிடம் பேசுகிறேன். குடும்பத்தை எப்படிக் கேட்டார்கள் என்பதைத்தான் முதலில் கேட்கப் போகிறேன். வண்டிகள் வேண்டாம் என்று பதில் வந்தால் ஐந்து பேரும் ஒரே காரில் வருகிறோம். இரட்டைச்சக்கரம் அண்ணா, மழை பெய்த புல்தரையில் நிறுத்தினால் பக்க ஸ்டாண்ட் இறங்கிவிடுமே, என்ன செய்வீர்கள்?

இரட்டைச்சக்கரம்

நசுக்கிய சோடா டின் ஒன்றை அடியில் வையுங்கள். கிளம்பும்போது மறக்காமல் எடுத்துக்கொண்டு வாருங்கள். கல்லறை வாசலில் குப்பை போட்டார்கள் என்று கரிக்கோடு அடுத்த பதிவு எழுதிவிடுவார்.