லாக் ஆனபிறகும் ஆடுற பிஎல்எல்: நீங்க பாத்தது?

வாளையார் காத்து:
கஞ்சிக்கோட்டுல சோலார் இன்வெர்ட்டர் டெஸ்ட் பெஞ்சுங்க. பழைய 16 பிட் போர்டு, 10 கிலோஹெர்ட்ஸ் சாம்ப்ளிங், உள்ள டிஜிட்டல் பிஎல்எல். பிஎல்எல்னா, உள்ள வர்ற அலையோட வேகத்தையும் ஃபேஸையும் தொரத்திப் புடிக்கிற லூப்புங்க; புடிச்சா லாக். ஏசி சோர்ஸ்ல 50.00 வச்சுக் குடுத்தோம், லாக் ஆயிருச்சு. டீபக் விண்டோவுல என்சிஓ (அலைய உருவாக்கற டிஜிட்டல் ஆசிலேட்டர்) ஸ்டெப்ப, அதாவது ஒவ்வொரு சாம்பிளுக்கும் அது கூட்டற எண்ண, பாத்தா கொஞ்ச நேரம் 327, அதுல ரெண்டு மடங்கு நேரம் 328, மறுபடி 327. பக்கத்துல நின்ன சேட்டன் திரையில விரல வச்சு, "சாரே, 50 எவிடே?"ன்னார்.

50 அங்க இல்லவே இல்லீங்க! சாம்ப்ளிங் 10,000-ஐ 16 பிட்டோட முழு அளவான 65,536-ஆல வகுங்க, ஒரு ஸ்டெப் 0.1526 ஹெர்ட்ஸ். 327-ன்னா 49.90, 328-ன்னா 50.05. வேண்டியதோ 327.68. ரெண்டு படிக்கு நடுவுல கால் வைக்க இடமில்லாம ஏறி ஏறி இறங்குது. மேல இருக்கறவங்க கெயினத்தான் திருகச் சொல்லிட்டிருந்தாங்க. கெயினுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?

சூலூர்பேட்டை ஷிஃப்ட்:
சம்பந்தம் இல்லாம என்னண்ணா? கெயின மாத்தினா ஆட்டத்தோட வேகமும் அகலமும் மாறும். போகாது, அவ்ளோதான்.

நான் பாத்தது வேற. தடா தாண்டி ஒரு யூனிட்ல ஸ்கோப்புல வர்ற அலை, பிஎல்எல் அலைன்னு ரெண்டு டிரேஸ், ஜீரோ கிராசிங் ரெண்டுக்கும் நடுவுல மயிரிழை இடைவெளி. எவ்ளோ நேரம் விட்டாலும் மூடல. இன்டெக்ரேட்டர் (எரர சேத்துக்கிட்டே போற பகுதி) கோடுல எட்டு பிட் வலது ஷிஃப்ட், அதாவது 256-ஆல வகுத்து கீழ்ப்பக்கமா முழு எண்ணாக்கறது. பிளஸ் 255 வந்தா 0 ஆகுது, மைனஸ் 1 வந்தா மைனஸ் 1-ஆவே நிக்குது. சின்ன எரர் எல்லாம் ஒரே பக்கமா இழுத்துட்டுப் போயிருக்கு.

களியக்காவிளை:
மக்கா, ரெண்டு பேரும் 50 ஹெர்ட்ஸ விட்டு வெளிய வாங்க. நமக்கு ரேடியோ போர்டு, ரெஃபரன்ஸ் 26 மெகாஹெர்ட்ஸ். அதோட 93 மடங்கு 2,418. அதை ஒட்டி டியூன் பண்ணினா கேரியருக்கு ரெண்டு பக்கமும் முள்ளு முள்ளா ஸ்பர், அதாவது வேண்டாத சிக்னல். தள்ளி டியூன் பண்ணினா முள்ளும் கூடவே தள்ளிப் போவும். டிடிசியோட (நேர வித்தியாசத்த எண்ணா மாத்தறது) படி முரடு. முழு மடங்குக்குப் பக்கத்துல ஃபேஸ் மெதுவா நகரும்போது எரர் ஒரே வரிசையில திரும்பத் திரும்ப வருது, அதான்.

இனி கேளுங்க. வாளையார் அண்ணே, ரெண்டு வேர்டு சேத்து 32 பிட் அக்யுமுலேட்டர் (ஸ்டெப்ப கூட்டிக்கிட்டே போற இடம்) வச்சா ஸ்டெப் 0.0000023 ஹெர்ட்ஸ், ஆட்டம் கண்ணுக்கே தெரியாது. சைன் டேபிளுக்கு மேல் பிட்டு மட்டும் போதும், ஆனா கூட்டறது முழு அகலத்துல கூட்டணும். சூலூர்பேட்டை தம்பி, ஷிஃப்டுக்கு முன்ன 128 கூட்டு, சாய்வு போயிரும். அதவிட நல்லது, வெட்டுன மிச்சத்தத் தூக்கிப் போடாம அடுத்த சாம்பிள்ல சேரு. சிக்மா டெல்டாங்கற முறையும் அந்த வழிதான். வன்பொருள்ல அகலம் கூட்ட முடியாதவங்க டிதர் (வேணும்னே சேக்கற சின்ன நாய்ஸ்) போடுங்க, கீழ்பிட்டு அளவுக்கு.

சூலூர்பேட்டை ஷிஃப்ட்:
அண்ணா, நான் வழி கேக்கல, பாத்ததச் சொன்னேன் 😀 128 அப்பவே போட்டாச்சு, இடைவெளி மூடிடுச்சு. டிதர் போட்டா முள்ளு போகும், நாய்ஸ் ஃப்ளோர் ஏறும். அதையும் சொல்லுங்க.